நோயும் நெரிசலும் நுழைவது ஒரே வாயிலில்

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்த் தொழிலாளர்கள் பங்கேற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கொரோனா பெருந்தொற்றால் கேரளத்தில் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச் 28 அன்று பதிவாயிற்று. மறைந்தவர் இதே மட்டாஞ்சேரியைச் சேர்ந்த முதியவர். அவரது இறுதிச் சடங்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கலந்துகொள்ள முடிந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், மார்ச் 14 அன்று, கோவாவின் ஃபதோர்தா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. சென்னையின் எஃப்சி அணியை ஏடிகே அணி 3-1 என்ற கணக்கில் வென்றது. கோல் விழுந்தபோது ஆர்ப்பரிக்க அங்கே ஒரு பார்வையாளரும் இல்லை. இந்தியக் கால்பந்தில் ஆளில்லா மைதானங்களின் காலம் அந்த மாலையில் தொடங்கியது.

சாவு வீட்டுக்கே நான்கு பேர் போக முடியாத நாட்களில் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால், கொள்ளைநோய் என்றேனும் தணியும். மக்கள் மீண்டும் கூடுவார்கள். அவர்கள் கூடும்போது அந்தக் கூடுகையை யார் திட்டமிடுகிறார்கள், யாருடைய நலனைக் கருதித் திட்டமிடுகிறார்கள் என்பது அரசியல் கேள்வி. அந்தக் கேள்விக்கு மட்டாஞ்சேரியிலிருந்து விடை தேடுவதற்குச் சிறப்பான காரணம் ஒன்றும் இருக்கிறது. அது பின்னர் வரும்.

குமிழிக்குள் யார், வெளியே யார்?

2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களிலும் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவின் மூன்று அரங்குகளுக்குள் நடத்தப்பட்டன. வீரர்களும் பயிற்சியாளர்களும் விடுதி, மைதானம், பேருந்து என்ற வட்டத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். அதற்கு "உயிர்க் குமிழி" என்று பெயரிட்டார்கள். அந்தக் குமிழியும் உடையாமல் இல்லை. 2022 ஜனவரியில் மூன்றாம் அலை எழுந்தபோது தொற்று விடுதிகளுக்குள்ளேயே புகுந்தது. பல ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. ஆயினும் லீக் நின்றுபோகவில்லை. தொலைக்காட்சியும் விளம்பரதாரர்களும் இருக்கும்வரை, பார்வையாளர் இல்லாமலும் அந்த வணிகம் ஓடும். 2022 மார்ச் 20 அன்று நடந்த இறுதி ஆட்டத்திற்குத்தான் பார்வையாளர்கள் உள்ளே விடப்பட்டார்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி கொச்சி கலூர் அரங்கில் தன் மக்களின் முன் மீண்டும் ஆடியது 2022 அக்டோபர் 7 அன்று. ஈஸ்ட் பெங்கால் அணியை அன்று அது 3-1 என்று வென்றது.

கலூர் அரங்கிலிருந்து கண்ணைத் திருப்பி ஊர் மைதானத்தைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானத்திலும் வெளி மைதானத்திலும் மாலைதோறும் பந்து உருள்கிறது. வெளிப் பகுதியில்தான் தோபிகானா இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கின்றன. மூட்டை தூக்குபவர், மீன் விற்பவர், சரக்கு வாகனம் ஓட்டுபவர், பள்ளி மாணவர் என்று பலரும் வேலை முடிந்து வந்து நிற்கும் எல்லைக்கோடு அது. அங்கே தொலைக்காட்சிக் கேமரா இல்லை. குமிழி கட்டப் பணமும் இல்லை.

வடக்கே மலப்புறம், பாலக்காடு, கோழிக்கோடு மாவட்டங்களின் "செவன்ஸ்" கால்பந்தின் நிலையும் அதுவே. அணிக்கு 7 பேர் ஆடும் இந்த ஆட்டம், அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளித் திடல்களிலும் மின்விளக்கொளியில் நடக்கிறது. மூங்கிலும் பாக்கு மரமும் கொண்டு கட்டிய தற்காலிக கேலரியில் ஆயிரக்கணக்கானோர் அமர்கிறார்கள். நுழைவுச் சீட்டில் வரும் பணமே அதன் உயிர்நாடி. அந்தப் பணத்தில் வீரருக்கு ஆட்டக்கூலி கிடைக்கிறது. கடலை விற்பவருக்கும் ஒலிபெருக்கி கட்டுபவருக்கும் வருமானம் கிடைக்கிறது. பல ஊர்களில் வலிநிவாரண மருத்துவச் சேவைக்கும் ஏழை நோயாளிகளுக்கும் ஒரு பங்கு போகிறது. 2020 மார்ச்சில் சீட்டு விற்பனை நின்றதும் இத்தனை பேரின் வாழ்வும் ஒரே நாளில் நின்றது. ஆட்டக்கூலியை நம்பி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்திருந்த வீரர்கள், விமானம் இல்லாமல், வருமானமும் இல்லாமல் மலப்புறத்து வாடகை அறைகளில் சிக்கிக்கொண்டார்கள்.

ஆகவே, பெரிய லீக்குக்குப் பார்வையாளர் திரும்புவது கூடுதல் வருமானம். ஊர் மைதானத்துக்கு அதுவே வாழ்வாதாரம். வாழ்வாதாரம் என்பதாலேயே அங்கே அவசரம் மிகுதி. அவசரம் மிகுந்த இடத்தில் ஆபத்தும் மிகுதி.

உலகம் பட்ட பாடம்

கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்பதை உலகம் கால்பந்து அரங்கிலும் கண்டது. 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் மிலான் நகரில் அட்லாண்டா அணியும் ஸ்பெயினின் வலென்சியா அணியும் மோதின. அருகிலுள்ள பெர்காமோ நகரிலிருந்து மக்கள் பெருந்திரளாக வந்தார்கள். 44,000-க்கும் மேற்பட்டோர் அரங்கில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அதே பெர்காமோவின் சவப்பெட்டிகளை இராணுவ வண்டிகள் ஏற்றிச் சென்ற காட்சியை உலகம் பார்த்தது. மார்ச் 11 அன்று, சொந்த ஊரில் ஆட்டம் பார்க்கத் தடை விதிக்கப்பட்டிருந்த மத்ரித் நகரிலிருந்து ஏறத்தாழ 3,000 ரசிகர்கள் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் பறந்து சென்று, 50,000-க்கும் மேற்பட்டோரோடு கலந்து அமர்ந்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் அரசு அதைத் தடுக்கவில்லை.

அதன்பின், பார்வையாளரை எப்படித் திருப்பி அழைப்பது என்று முறையான ஆய்வுகளும் நடந்தன. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 ஆகஸ்ட் 22 அன்று லைப்சிக் நகரில் ஏறத்தாழ 1,400 பேரை அழைத்து, ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தி, யார் யாரோடு எவ்வளவு நேரம் நெருங்கினார்கள் என்று கருவிகளால் அளந்தார்கள். இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தைவிட உள்ளே நுழையும்போதும் இடைவேளையிலும்தான் நெருக்கம் கூடியது என்பது அதில் தெரிந்த முக்கிய உண்மை. பல வாயில்கள், தனித்தனிப் பகுதிகள், நல்ல காற்றோட்டம் ஆகியவை இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்றும் அவர்கள் கண்டார்கள்.

இந்த உண்மையை 2021 ஜூலை 11 லண்டனில் எதிர்மறையாக நிரூபித்தது. வெம்ப்ளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். சோதனைச் சான்று, தடுப்பூசிச் சான்று, குறைக்கப்பட்ட இருக்கை எண்ணிக்கை என்று காகிதத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் வாயில்கள் தகர்ந்தன. சீட்டு இல்லாத ஏறத்தாழ 2,000 பேர் முண்டியடித்து உள்ளே நுழைந்தார்கள். பின்னர் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தபோது, அந்த ஆட்டத்தை ஒட்டித் தொற்று பெற்றிருக்கக் கூடியவர்கள் என 3,404 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். மாண்டவர் எவருமின்றி அன்றைய நெரிசல் கடந்து போனது ஒரு தற்செயல் என்றே விசாரணை அறிக்கை சொன்னது.

அந்தத் தற்செயல் கேமரூன் மக்களுக்கு வாய்க்கவில்லை. 2022 ஜனவரி 24 அன்று யாவுண்டே நகரின் ஒலெம்பே அரங்கில் ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டம் நடந்தது. பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு விதித்திருந்தார்கள். அரங்குக்குள் இடம் இருந்தது. ஆனால் வெளியே ஒரு வாயில் மூடப்பட்டிருந்தது. அந்த வாயிலின் முன் நெரிசலில் 8 பேர் உயிரிழந்தார்கள்.

தோழர்களே, இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நோயும் நெரிசலும் நுழைவது ஒரே வாயிலில்தான். வாயில் ஒழுங்காக இருந்தால் இரண்டும் வெளியே நிற்கும்; வாயில் குறுகினால் இரண்டும் சேர்ந்தே உள்ளே வரும். கிருமியிலிருந்து காப்பது சுகாதாரத் துறையின் வேலை, மிதிபடாமல் காப்பது காவல்துறையின் வேலை, பலகை உடையாமல் பார்ப்பது ஒப்பந்தக்காரரின் வேலை என்று பாதுகாப்பைத் துண்டு துண்டாக வெட்டியதுதான் எல்லா இடங்களிலும் நடந்த தவறு.

சதவீதம் என்னும் மாயை

இந்தியாவில் பார்வையாளரைத் திருப்பி அழைத்தபோது ஆட்சியாளர்கள் கைக்கொண்ட ஒரே கருவி சதவீதம். 2021 பிப்ரவரி 13 அன்று சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா, இங்கிலாந்து அணிகளின் இரண்டாவது டெஸ்ட் ஆட்டத்துக்கு 50 சதவீதம் பார்வையாளர் அனுமதிக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் அகமதாபாத்தில், அப்போதுதான் பிரதமரின் பெயர் சூட்டப்பட்ட அரங்கில், மார்ச் 12, 14 தேதிகளில் பல பத்தாயிரம் பேர் திரண்டார்கள். தொற்று ஏறியதும், எஞ்சிய மூன்று ஆட்டங்கள் ஆளில்லா அரங்கில் நடத்தப்பட்டன. இரண்டு நாட்களுக்கு முன் பாதுகாப்பாக இருந்தது எப்படித் திடீரென்று ஆபத்தானது என்று விளக்கிய அதிகாரி யாருமில்லை. இரண்டாம் அலையின் பிணக்குவியல் ஏப்ரலில் வந்தது.

தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு கடுமையானது. 150 பார்வையாளர்கள் அல்லது இருக்கைகளில் 50 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு என்று அரசு ஆணையிட்டது. எண் தெளிவாக இருந்தது. ஆனால் வாடிவாசலைச் சுற்றிய தெருக்களுக்கும் மாடிகளுக்கும் சதவீதம் ஏது? கூட்டம் என்பது இருக்கையில் மட்டும் இருப்பதில்லை. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கழிப்பறை வரிசையிலும் அதே மக்கள்தான் நிற்கிறார்கள்.

50 சதவீதம் என்பது எதில் 50 சதவீதம் என்று முதலில் கேட்க வேண்டும். கலூர் அரங்கே இதற்குச் சான்று. 1997இல் நேரு கோப்பை ஆட்டங்களின்போது அந்த அரங்கில் எண்ணிலடங்காத கூட்டம் நின்றது என்று கொச்சி மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அதே அரங்குக்கு வந்தபோது, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 29,000 ஆகக் குறைக்கப்பட்டது. நாற்காலிகள் குறையவில்லை. ஆபத்து நேர்ந்தால் குறித்த நேரத்துக்குள் எத்தனை பேர் வெளியேற முடியும் என்று கணக்கிட்டதில் கிடைத்த எண் அது. அதாவது, ஓர் அரங்கின் உண்மையான கொள்ளளவை நிர்ணயிப்பது இருக்கை அல்ல, வெளியேறும் வழி. பன்னாட்டுப் போட்டிக்கு வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் இந்தக் கணக்கு, உள்ளூர் ஆட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

சரிந்து விழுந்த மேடைகள்

பெருந்தொற்றுக்குச் சற்று முன், 2019 டிசம்பர் 29 அன்று, பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆட்டத்தின்போது பாலக்காட்டு வீரர் ஆர். தனராஜன் களத்திலேயே சரிந்து இறந்தார். கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடியவர் அவர். அவரது குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணி மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் தற்காலிக கேலரி இடிந்து விழுந்து சுமார் 50 பேர் காயமடைந்தார்கள். ஒரு தொழிலாளி வீரனின் குடும்பத்துக்கு உதவ வந்த மக்களே மருத்துவமனைக்குப் போனார்கள்.

2021 மார்ச் 22 அன்று தெலங்கானாவின் சூர்யாப்பேட்டையில் தேசிய இளையோர் கபடிப் போட்டியில் கேலரி சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2022 மார்ச் 19 அன்று மலப்புறம் மாவட்டம் வண்டூர் அருகே பூங்கோட்டில் செவன்ஸ் இறுதி ஆட்டம். ஈராண்டு அடங்கிக் கிடந்த ஆவல் அனைத்தும் அன்றிரவு அந்தத் திடலில் திரண்டிருந்தது. மழையில் இளகிய மண்ணில் நின்ற கேலரி, தாங்கக்கூடிய அளவை மீறிய கூட்டத்தோடு சரிந்தது. ஏராளமானோர் காயமடைந்தார்கள். அமைப்பாளர்கள்மீது வழக்குப் பதிவானது. வழக்கு எழுதியதோடு பிரச்சினை முடிந்ததாகக் கருதிவிடக் கூடாது.

பூங்கோட்டில் கேலரி சரிந்தபோது கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சி இருந்தது. இதைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் மாண்டபோதும் மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சியே இருந்தது. ஆட்சி யாருடையது என்பதால் மட்டும் மூங்கில் வலுப்பெறாது, வாயில் அகலாது. விதிமுறையும் அதை நாள்தோறும் கண்காணிக்கும் மக்கள் அமைப்பும் இருந்தால்தான் மாற்றம் வரும்.

கட்டுப்பாடு என்றாலே தடி என்று புரிந்துகொள்ளும் அரசு என்ன செய்யும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கும் ஒரு பருவம் ஆளில்லா அரங்கில் கழிந்து, 2022இல் பார்வையாளர்கள் திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மலாங் நகரின் கஞ்சுருஹான் அரங்கில், கொள்ளளவுக்கு மேல் சீட்டு விற்கப்பட்டிருந்த ஆட்டத்தின் முடிவில், காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. மக்கள் குறுகிய வாயில்களை நோக்கி ஓடினார்கள். 135 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

மட்டாஞ்சேரி அறிந்த நெரிசல்

மட்டாஞ்சேரியிலிருந்து விடை தேடுவதற்குச் சிறப்பான காரணம் உண்டு என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் "சாப்பா" முறை இருந்தது. வேலை தேடி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் விடியற்காலையில் கூடுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் கைநிறைய உலோக வில்லைகளை அந்தக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். கையில் வில்லை கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியாது. ஒரு வில்லைக்காகப் பல பேர் ஒருவர்மீது ஒருவர் விழுந்தார்கள், மிதித்தார்கள், மிதிபட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த கங்காணிகளுக்கு அது வேடிக்கை. தொழிலாளருக்கு ஒழுங்கு தெரியாது என்றும் அவர்களே பேசினார்கள்.

அந்த நெரிசலை உண்டாக்கியது தொழிலாளியின் குணமா? இல்லை. நூறு பேருக்கு நடுவே பத்து வில்லையை வீசிய முறைதான் நெரிசலை உண்டாக்கியது. அந்த முறைக்கு எதிராகப் போராடிய தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் மூன்று தோழர்கள் உயிர்நீத்தார்கள். தொடர்ந்த போராட்டங்களின் பயனாக வில்லை போய், பதிவேடும் முறைவைத்து வேலை வழங்கும் ஏற்பாடும் வந்தன. அதே மனிதர்கள்தான், அதே துறைமுகம்தான். முறை மாறியதும் நெரிசல் மறைந்தது.

ஆட்ட வாயிலில் இன்று நடப்பதும் அதுவே. கொள்ளளவைச் சொல்லாமல் சீட்டு விற்று, ஒரே ஒரு வாயிலைத் திறந்துவைத்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆயிரம் பேரை ஒன்றாகத் தள்ளிவிட்டு, "ரசிகர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வது சாப்பா வீசியவனின் வாதம். கட்டுப்பாடு மக்களிடம் இயல்பாகவே இருக்கிறது. கொரோனாக் காலத்தில் கேரளத்தின் ஒவ்வொரு வார்டிலும் தன்னார்வக் குழுக்கள் மருந்தும் உணவும் கொண்டு சேர்த்தன. குடும்பஸ்ரீ பெண்கள் சமூக சமையற்கூடங்களை நடத்தினார்கள். அந்தக் குழுக்களுக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் தெரியும்.

காத்திருக்கத் தெரிந்த போட்டி

இதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. சந்தோஷ் கோப்பையின் இறுதிச் சுற்று 2022 பிப்ரவரியில் மலப்புறத்தில் நடக்கவிருந்தது. ஜனவரியில் மூன்றாம் அலை எழுந்ததும் அது தள்ளிவைக்கப்பட்டது. பாதிக் கூட்டத்தோடு எப்படியேனும் நடத்திவிட வேண்டும் என்ற பிடிவாதம் காட்டப்படவில்லை. அலை தணிந்தபின், ஏப்ரல் 16 முதல் மே 2 வரை, மஞ்சேரி பய்யநாடு அரங்கிலும் மலப்புறம் கோட்டப்படி அரங்கிலும் ஆட்டங்கள் நடந்தன. நோன்பு மாதத்தின் இரவுகளில் மக்கள் அலை அலையாக வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் மேற்கு வங்கத்தை டைபிரேக்கரில் 5-4 என வென்று கேரளம் ஏழாவது முறை கோப்பையைப் பெற்றது. 1973இல் எறணாகுளம் மகாராஜா கல்லூரித் திடலில், கேப்டன் மணியின் மூன்று கோல்களால் இரயில்வே அணியை வென்று பெற்றதே முதல் கோப்பை. இரண்டு மாதம் காத்திருந்ததால் யாருக்கும் இழப்பு இல்லை. விளம்பரதாரரின் நாட்காட்டிக்குக் கட்டுப்படாத போட்டியால் மக்களின் உடல்நலத்துக்காகக் காத்திருக்க முடிந்தது.

செய்ய வேண்டியவை

உள்ளூர் ஆட்டத்துக்குப் பார்வையாளர் பாதுகாப்பாகத் திரும்ப, பெருஞ்செலவு பிடிக்கும் கருவிகள் தேவையில்லை. தேவைப்படுபவை இவை.

முதலாவது, கொள்ளளவு. வெளியேறும் வழிகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் கொண்டு ஒவ்வொரு மைதானத்துக்கும் உள்ளாட்சி அமைப்பு ஓர் எண்ணை நிர்ணயித்து, வாயிலிலேயே எழுதிவைக்க வேண்டும். தொற்றுக் காலத்தில் அந்த எண்ணிலிருந்துதான் சதவீதம் கணக்கிடப்பட வேண்டும்.

இரண்டாவது, நுழைவு. எண்ணிட்ட சீட்டுகளை முன்கூட்டியே வார்டுகளில் விற்க வேண்டும். மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறச் சீட்டும் தனி வாயிலும் தனி நேரமும் வேண்டும். ஒரு பகுதிக்காரர் மறு பகுதிக்குப் போகாமல் இருந்தால் நெரிசலும் இல்லை. தொற்று நேர்ந்தால் யாரைத் தேடுவது என்பதும் தெரியும்.

மூன்றாவது, கேலரி. பொறியாளரின் சான்று இல்லாமல் ஒரு பலகையிலும் மக்கள் ஏறக் கூடாது. மழை பெய்தால் பழைய சான்று செல்லாது. மீண்டும் சோதிக்க வேண்டும்.

நான்காவது, நோயுற்றவரின் உரிமை. காய்ச்சலோடு வருபவரை வாயிலில் விரட்டினால், அடுத்த முறை அவர் காய்ச்சலை மறைப்பார். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தால் அவர் வீட்டிலேயே இருப்பார். துப்புரவுத் தொழிலாளி, வாயில் காப்பவர், பந்து எடுத்துக் கொடுக்கும் சிறுவன், நடுவர் ஆகியோர் நோயுற்றால் அன்றைய கூலியை இழக்கக் கூடாது. கூலி போகும் என்ற பயமே கிருமியை வேலைக்கு அழைத்து வருகிறது.

ஐந்தாவது, பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும். அவர்களுக்கான கழிப்பறையும் இடமும் வழியும் இல்லாத மைதானத்தைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம். வசூலை எண்ணுபவரிடம் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. கூட்டம் மீறும்போதும் கேலரி ஆடும்போதும் ஒலிபெருக்கியை எடுத்து "ஆட்டம் நிற்கட்டும்" என்று சொல்லும் உரிமை, சீட்டுப் பணத்தில் பங்கில்லாத ஒருவருக்கு, சுகாதாரப் பணியாளருக்கோ உள்ளாட்சிப் பொறியாளருக்கோ, எழுத்து வடிவில் தரப்பட வேண்டும்.

இவ்வளவு விதி போட்டால் ஏழைக் கிளப்புகள் மூடிப்போகும், ஊர் ஆட்டம் அழியும் என்று ஓர் எதிர்வாதம் வருகிறது. அதைப் புறந்தள்ள முடியாது. பாதுகாப்பின் செலவைச் சிறு கிளப்பின் தலையில் கட்டினால் அதுதான் நடக்கும். கடைசியில் பெரிய அரங்கும் பெரிய முதலாளியும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆகவே செலவைப் பொதுச் செலவாக்க வேண்டும். பிரித்து மாட்டக்கூடிய இரும்பு கேலரியை ஒவ்வொரு கிளப்பும் வாங்க வேண்டியதில்லை. மாநகராட்சியோ ஊராட்சிகளின் கூட்டமைப்போ ஒன்றை வைத்திருந்து, முறைவைத்து வழங்கலாம். பார்வையாளருக்கான காப்பீட்டையும் அவ்வாறே மொத்தமாக எடுக்கலாம். ஊராட்சிக்கு ஒரு மைதானம் என்ற திட்டத்தைக் கேரள அரசு முன்வைத்துள்ளது. மைதானம் என்றால் புல்லும் கோல் கம்பமும் மட்டும் அல்ல. பார்வையாளர் நிற்கும் இடமும் வெளியேறும் வழியும் அதில் அடங்கும் என்பதை அந்தத் திட்டம் ஏற்க வேண்டும். தமிழ்நாட்டின் கபடி, ஜல்லிக்கட்டு, கால்பந்துத் திடல்களுக்கும் இதே கோரிக்கை பொருந்தும்.

தோழர்களே,

2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமிநாசினிப் புட்டிகள் வாயில்களிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றோடு, பெருந்தொற்று கற்றுத்தந்த ஒழுங்கும் மறைந்துபோகும் நிலை இருக்கிறது. அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அடுத்த செவன்ஸ் பருவம் மழை ஓய்ந்ததும் வரும். மூங்கில்கள் மீண்டும் நடப்படும்; மாலை வேலை முடிந்து தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

அதற்கு முன்பாக, கட்சி உறுப்பினர்கள் தத்தம் பகுதி மைதானத்துக்கு நேரில் செல்ல வேண்டும். வாயில்களை எண்ண வேண்டும். அகலத்தை அளக்க வேண்டும். கிளப் நிர்வாகிகளையும் சுமைத் தொழிலாளர் சங்கத்தையும் குடும்பஸ்ரீயையும் வார்டு உறுப்பினரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு பார்வையாளர் பாதுகாப்புக் குழுவை அமைக்க வேண்டும். வில்லைக்காக மிதிபட மறுத்த தொழிலாளர்களின் மண் இது. இங்கே ஒரு சீட்டுக்காகவும் எவரும் மிதிபடக் கூடாது. ஒரு கோலைக் காண வந்ததற்காக எவரும் நோயையோ முறிந்த காலையோ வீட்டுக்குக் கொண்டு செல்லக் கூடாது.